ஆகஸ்ட்டில் எழுந்த அணியை எவ்வளவு நம்பலாம்? பேஸ்பால் ரசிகருக்கு ஒரு கணக்கு வழி

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் ஆண்டுதோறும் இப்படி ஓர் அணி அமைந்துவிடும். ஏப்ரலிலிருந்து தோற்றுத் தோற்றுப் பாதாளத்தில் கிடக்கும். ஆகஸ்ட் நடுவில் திடீரென்று ஏழெட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயிக்கும். மூலையில் எறிந்த தொப்பியை ரசிகர்கள் தூசி தட்டி எடுப்பார்கள். அப்போது கேட்க வேண்டியவை இரண்டு: பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்த பின் நடக்கும் இறுதிச் சுற்றுகளில், நுழைய இன்னும் இடம் இருக்கிறதா? இந்த எழுச்சி நிற்குமா? முதல் கேள்விக்குக் கூட்டல் கழித்தல் போதும், பத்து நிமிட வேலை. இரண்டாவதற்குத்தான் பொறுமை வேண்டும். பலர் முதலாவதைச் செய்யாமலேயே இரண்டாவதில் இறங்கிச் சண்டை போடுகிறார்கள்.

எத்தனை வெற்றி தேவை

ஒரு சீசனுக்கு 162 ஆட்டங்கள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என இரண்டு பிரிவு. ஒவ்வொன்றிலும் 15 அணிகள், ஐந்தைந்தாக மூன்று டிவிஷன்கள். 2022 முதல் ஒவ்வொரு லீகிலிருந்தும் 6 அணிகள் பிளேஆஃபுக்குப் போகின்றன: டிவிஷன் முதல்வர்கள் மூவர், வைல்ட் கார்டு மூவர் (முதலிடம் பெறாதவற்றில் சிறந்த மூன்று அணிகள்). தாமதமாக விழித்த அணி பெரும்பாலும் குறி வைப்பது கடைசி வைல்ட் கார்டு இடத்தைத்தான்.

அந்த இடத்துக்கு இதுவரை போதுமானதாக இருந்த வெற்றிகளைப் பாருங்கள். அமெரிக்கன் லீகில் 2022-இல் 86, 2023-இல் 89, 2024-இல் 86, 2025-இல் 87. நேஷனல் லீகில் அதே வரிசையில் 87, 84, 89, 83. ஆகவே 86 அல்லது 87-ஐ இலக்காக வைத்துக் கணக்குப் போடலாம். 83-ஐ வைத்துப் போடுவது ஆசைக்கணக்கு. 2024-இல் 89 வெற்றி பெற்றும் அரிசோனா டைமண்ட்பேக்ஸ் வெளியே நின்றது.

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. நம் அணி 64 வெற்றி, 64 தோல்வி. கடைசி வைல்ட் கார்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும் அணி 70 வெற்றி, 58 தோல்வி. இருவருக்கும் மிச்சம் 34 ஆட்டங்கள். பின்தங்கல் எவ்வளவு என்பதற்கு, வெற்றி வித்தியாசத்தையும் தோல்வி வித்தியாசத்தையும் கூட்டி இரண்டால் வகுக்க வேண்டும்: (6 + 6) ÷ 2 = 6 ஆட்டங்கள்.

கேட்க ஆறுதானே என்று தோன்றும். எதிரணி மீதி ஆட்டங்களில் பாதிக்குப் பாதி ஜெயித்தாலே 87-இல் முடிக்கும். நாம் அதை எட்டிப் பிடிக்க 34-இல் 23 ஜெயிக்க வேண்டும். முழு சீசனுக்கும் நீட்டிப் பார்த்தால் அது சுமார் 110 வெற்றிக்கான வேகம். சாம்பியன் அணிகளுக்கே அரிதானது. எதிரணி தடுமாறி 14-20 (14 வெற்றி, 20 தோல்வி) என்று ஆடினால் 84-இல் நின்றுவிடும். அப்போது நமக்கு 20-14 போதும். நாம் ஓடுவது பாதி வேலை, முன்னால் போகிறவர் தடுக்கி விழுவது மீதிப் பாதி. 2011-இல் டாம்பா பே ரேஸ் செப்டம்பர் தொடக்கத்தில் 9 ஆட்டம் பின்தங்கியிருந்து உள்ளே நுழைந்தது. அந்த மாதம் பாஸ்டன் ரெட் சாக்ஸ் 7-20 என்று சரிந்திருக்காவிட்டால் அது நடந்திருக்காது.

இன்னொன்று, இடையில் எத்தனை அணிகள் என்பதையும் எண்ணுங்கள். ஆறு ஆட்டம் பின்தங்கி, தாண்ட வேண்டியது ஒரே அணி என்றால் அது ஒரு கதை. அதே ஆறு ஆட்டத்துக்குள் நான்கு அணிகள் நெருக்கிக்கொண்டு நின்றால், நான்கும் ஒரே நேரத்தில் சறுக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று மோதும் நாட்களில் யாராவது ஒருவர் கட்டாயம் ஜெயிப்பார்.

தோல்வியை முதலில் பாருங்கள்

மழையால் தள்ளிப்போன ஆட்டங்கள் இருந்தால் அணிகள் ஆடிய எண்ணிக்கை சமமாக இருக்காது. நாம் 70-66, எதிரணி 73-65 என்று வையுங்கள். பின்தங்கல் 2 ஆட்டம் என்று அட்டவணை காட்டும். ஆனால் தோல்வியில் வித்தியாசம் ஒன்றே ஒன்று. நம் கையில் இரண்டு ஆட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன. அவற்றை ஜெயிக்க வழி இருக்கிறது, வாங்கிய தோல்வியைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லை. பழகிய ரசிகர்கள் காலையில் அட்டவணையைத் திறந்ததும் தோல்வி எண்ணிக்கைக்குப் போவது இதனால்தான்.

அடுத்தது எலிமினேஷன் நம்பர், நாம் வெளியேற இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்டும் எண். 163-லிருந்து எதிரணியின் வெற்றியையும் நம் தோல்வியையும் கழியுங்கள். முதல் எடுத்துக்காட்டில் 163 − 70 − 64 = 29. அவர்களின் ஒவ்வொரு வெற்றிக்கும், நம் ஒவ்வொரு தோல்விக்கும் ஒன்று குறையும். பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிந்தது. நாம் முந்திவிட்டால் இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 163-லிருந்து நம் வெற்றியையும் துரத்துபவரின் தோல்வியையும் கழித்தால் கிடைப்பதுதான் மேஜிக் நம்பர், அது பூஜ்யமானால் இடம் நமக்கு உறுதி.

இதில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. சமநிலையில் முடிந்தால் இடம் எதிரணிக்கே போகும் என்றால் 163-க்குப் பதில் 162-ஐ எடுக்க வேண்டும். மேலே சொன்ன 29 அப்போது 28 ஆகிவிடும். 2022 முதல் சமநிலையை உடைக்கக் கூடுதல் ஆட்டம் கிடையாது. இரு அணிகளும் சீசனில் நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்பதே முதல் அளவுகோல். அதுவும் சமம் என்றால் தத்தம் டிவிஷனுக்குள் பெற்ற வெற்றி விகிதம். கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்த்துப் பழகியவர்கள் இங்கே ரன் வித்தியாசத்தைத் தேடுவார்கள், அது செல்லாது. 2025-இல் சின்சினாட்டி ரெட்ஸும் நியூயார்க் மெட்ஸும் 83-79 என்று சமமாக முடித்தன. கடைசி நாளில் இரண்டுமே தோற்றன. நேரடி மோதல்களில் முந்தியிருந்த ரெட்ஸ் உள்ளே போனது. ஜூன் நடுவில் லீகிலேயே முன்னணியில் இருந்த மெட்ஸ் வீட்டுக்குப் போனது.

எழுச்சி நிற்குமா

கடைசி 20 ஆட்டங்களை எடுங்கள். அடித்த ரன், விட்டுக்கொடுத்த ரன் இரண்டையும் கூட்டுங்கள். பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் கொடுத்த பித்தாகரஸ் சூத்திரம் இது: அடித்த ரன்னின் வர்க்கத்தை, இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நியாயமாகக் கிடைக்க வேண்டிய வெற்றி விகிதம் வரும். 15-5 என்று ஆடிய அணி 96 ரன் அடித்து 70 விட்டிருந்தால் விகிதம் 0.653, அதாவது 13 வெற்றி. இரண்டு மட்டும் அதிர்ஷ்டத்தில் வந்தவை, நல்ல அணிதான். அதே 15-5, ஆனால் 84 அடித்து 78 விட்டிருந்தால் 0.537 — பதினொன்றுகூட முழுதாக வராது. நான்கு வெற்றிகள் அதிர்ஷ்டத்தில் வந்தவை. 14 ரன்னுக்கு 1 என்று வந்த ஒரே ஒரு வெற்றி இந்தக் கணக்கை ஊதிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டு ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

பிறகு ரன் எப்படி வந்தது என்று பாருங்கள். ஹோம் ரன்னையும் (வேலியைத் தாண்டிய அடி) ஸ்ட்ரைக்அவுட்டையும் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) விலக்கிவிட்டு, களத்துக்குள் அடிபட்ட பந்துகளில் எத்தனை ஹிட் ஆனது என்று பார்க்கும் அளவுக்கு ‘பேபிப்’ என்று பெயர். லீக் முழுவதற்கும் இது 0.290-க்கும் 0.300-க்கும் இடையே கிடக்கும். நம் அணி மூன்று வாரமாக 0.350-இல் இருந்தால் பந்து ஆளில்லாத இடமாகப் பார்த்து விழுகிறது என்று பொருள், விரைவில் நிற்கும். மாறாக, பேட்டர்கள் ஸ்ட்ரைக்அவுட் ஆவது குறைந்து, வாக் (நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) வாங்குவது கூடியிருந்தால் அது அவர்கள் கையில் இருக்கும் மாற்றம். பிட்சர்களுக்கும் (பந்து வீசுபவர்கள்) இதே சோதனைதான். இ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் சராசரி ரன்) இறங்கியதை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். ஸ்ட்ரைக்அவுட்டிலிருந்து வாக்கைக் கழித்தால் வரும் எண் முந்தைய மாதங்களைவிட ஏறியிருக்கிறதா? ஏறாமல் இ.ஆர்.ஏ. மட்டும் இறங்கியிருந்தால், பந்துகள் நேராக ஃபீல்டர் கைக்குப் போயிருக்கின்றன, அவ்வளவே.

பெரும்பாலான எழுச்சிகள் உடைவது புல்பென்னில், அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் ரிலீவர்கள் கூட்டத்தில். நெருக்கமான ஆட்டங்களை ஜெயிக்கும் அணி, தன் மூன்று நல்ல ரிலீவர்களை நாள் தவறாமல் இறக்கும். பாக்ஸ் ஸ்கோரிலிருந்து (ஆட்டத்தின் புள்ளிவிவரச் சுருக்கம்) ஒவ்வொரு ரிலீவரும் கடைசி மூன்று நாளில் வீசிய பந்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் வீசியவரை மூன்றாம் நாள் பெரும்பாலும் இறக்க மாட்டார்கள். ஒரே நாளில் 25, 30 பந்து வீசியவருக்கும் மறுநாள் ஓய்வுதான். முதல் மூவருமே இல்லாத இரவில் எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ரன் முன்னிலை என்பது பெரிய ஆறுதல் அல்ல. ஓய்வு நாளே இல்லாத நீண்ட ஓட்டம் அட்டவணையில் இருந்தால் அதன் கடைசி நான்கைந்து ஆட்டங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வையுங்கள். செப்டம்பர் 1 முதல் அணியில் 26-க்குப் பதில் 28 பேர் இருக்கலாம் என்பது சற்றே மூச்சு விட உதவும். ஆனால் பிட்சர்கள் 14 பேருக்கு மேல் கூடாது.

டெட்ராய்ட் டைகர்ஸ் 2024-இல் தாண்டியது இந்தச் சிக்கலைத்தான். ஜூலை இறுதியில் பிட்சர் ஜாக் ஃப்ளாஹெர்ட்டியை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கப் போதிய ஸ்டார்ட்டிங் பிட்சர்கள் இல்லாமல் நின்ற அணி அது. முதன்மை ஸ்டார்ட்டர் தாரிக் ஸ்கூபலின் நாள் போக மற்ற நாட்களில் பெரும்பாலும் ஆறேழு பேரைச் சிறு சிறு துண்டாக வீச வைத்தார் மேலாளர் ஏ.ஜே. ஹின்ச். 55-63 என்று இருந்தது, கடைசி 44-இல் 31 ஜெயித்து 86-76 ஆனது. ஆகஸ்ட் நடுவில் ஃபேன்கிராஃப்ஸ் என்ற புள்ளிவிவரத் தளத்தின் கணிப்பு அவர்களுக்குக் கொடுத்த பிளேஆஃப் வாய்ப்பு 0.2 சதவீதம். கணிப்பு பொய்த்துவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. 500-இல் ஒன்று என்பது எப்போதாவது நடந்தே தீரும். 30 அணிகள் ஆண்டுதோறும் ஆடும்போது யாருக்கோ நடக்கும். உங்கள் அணிக்கு நடக்கும் என்று அது சொல்லவில்லை.

மிச்ச அட்டவணை

முன்னால் இருக்கும் அணியோடு நேரடியாக எத்தனை ஆட்டம் பாக்கி என்பதே முக்கியம். ஒரே டிவிஷன் எதிரிகள் சீசனில் 13 முறை மோதுவார்கள். அதில் எத்தனை செப்டம்பரில் விழுகிறது என்று பாருங்கள். மூன்று ஆட்டத் தொடரில் இரண்டை ஜெயித்தால் இடைவெளி குறைவது ஒரே ஒரு ஆட்டம்தான். மூன்றையும் ஜெயித்தால் மூன்று. ஆறு ஆட்டம் பின்தங்கியவருக்கு 2-1 என்பது கொண்டாட வேண்டிய முடிவு அல்ல என்பது இதனால்தான். 2025-இல் கிளீவ்லாண்ட் கார்டியன்ஸ் ஜூலை தொடக்கத்தில் டைகர்ஸுக்கு 15.5 ஆட்டம் பின்னால் இருந்தது. கடைசியில் 88-74 என்று முடித்து டிவிஷனையே வென்றது, டைகர்ஸ் 87-75. செப்டம்பரில் இருவரும் நேருக்கு நேர் மோத ஆட்டங்கள் மிச்சம் இருந்தன. அவற்றில் கார்டியன்ஸ் கை ஓங்கியது.

எளிய எதிரி என்று எழுதப்பட்ட தொடர்களை அப்படியே வெற்றிக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெளியேறிவிட்ட அணி இளம் வீரர்களை இறக்கும். அவர்களைப் பற்றி எதிரணியிடம் குறிப்பே அதிகம் இருக்காது. இடத்தை உறுதி செய்துவிட்ட பெரிய அணியோ கடைசி வாரத்தில் முன்னணி வீரர்களுக்கு ஓய்வு கொடுக்கும். தாளில் கடினமாகத் தெரியும் தொடர் களத்தில் இளகிவிடுவது உண்டு.

கடைசி மூன்று வாரத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரு நாளுக்கு ஒரு வரி: நம் தோல்வி, நாம் துரத்தும் ஒவ்வொரு அணியின் தோல்வி, எலிமினேஷன் நம்பர், அவர்களோடு நேரடி மோதல் கணக்கு, நாளைய ஸ்டார்ட்டர், ஓய்வில் இருக்கும் ரிலீவர்கள். காயத்திலிருந்து திரும்பும் வீரர் யாராவது இருந்தால் ஓரத்தில் எழுதுங்கள். வெளியிலிருந்து புதிதாக ஆள் எடுத்தாலும் இந்தக் கட்டத்தில் பிளேஆஃபுக்கு உதவாது: ஆகஸ்ட் 31-க்குள் அந்த அணியின் நிறுவனத்தில் இல்லாதவர் பிளேஆஃபில் ஆட முடியாது.

சீசனின் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆட்டங்களையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்குவார்கள். எதிரணியின் ஸ்கோரை இன்னொரு திரையில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னேறியிருக்கும் அணியின் புல்பென்னில் அன்று யார் மிச்சம் என்பதை மட்டும் முந்தைய இரவே பார்த்து வையுங்கள்.