கடன் தகராறில் ஆளை அடைத்து வைத்தால் குடும்பத்தார் செய்ய வேண்டியவை

நிலத்தை ஈடுவைத்து வாங்கிய கடனுக்காக, கடன் கொடுத்தவர் உங்கள் வீட்டு ஆளைச் சேலத்திலிருந்து ஏற்காட்டில் ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவுக்குக் கொண்டுபோய், கிரயம் எழுதிக் கொடுத்தால்தான் விடுவோம் என்று தொலைபேசியில் மிரட்டினால், உடனே 112-ஐ அழையுங்கள். பத்திரத்தை எடுத்துக்கொண்டு தனியாகப் புறப்படாதீர்கள். போனால், அடைபட்டவர் இருவராவார்.

மீண்டும் அழைப்பு வந்தால் வட்டிக் கணக்கைப் பற்றி வாதிடாமல், அடைபட்டவரின் குரலைக் கேட்க வேண்டும் என்று கேளுங்கள். பத்திரப் பதிவுக்கு டோக்கன் எடுக்க வேண்டும் என்று சொல்லி நேரம் வாங்கலாம்; அது உண்மையும்கூட. அழைத்த எண், வந்த நேரம், பேசிய சொற்கள் ஆகியவற்றை ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கட்டும்.

புகார் எழுதும் முறையில்தான் பலர் தவறிவிடுகிறார்கள். எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கட்டினோம் என்று கடன் கதையில் தொடங்கினால், இது சிவில் விவகாரம் என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட வாய்ப்புண்டு. ஆகவே இன்னார், இத்தனை மணிக்கு, இந்த இடத்திலிருந்து, இந்த வண்டியில் கொண்டுசெல்லப்பட்டு அடைத்து வைக்கப்பட்டுள்ளார் என்பதே முதல் வரியாக இருக்க வேண்டும். கடன் உண்மையாகவே பாக்கியிருந்தாலும், ஆளைப் பிடித்து வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. சட்டவிரோதமாக அடைத்து வைப்பது குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன் 127-ஆம் பிரிவில் வருகிறது. கடத்திச் சென்று, உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்று மிரட்டி மற்றவரைப் பணிய வைத்தால் 140(2)-ஆம் பிரிவின்படி மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கும். ஏற்காடு, சேலம் மாநகரக் காவலில் அடங்காது, மாவட்டக் காவலைச் சேர்ந்தது. ஆனாலும் எல்லையைக் காரணம் காட்டி எந்த நிலையமும் புகாரை மறுக்க முடியாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் சாலையைத் தவிரக் குப்பனூர் வழியும் இருப்பதால், இரண்டையும் கண்காணிக்கச் சொல்லுங்கள்.

தாமதமானால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 100-ஆம் பிரிவின்கீழ்த் தேடுதல் ஆணை கோரிக் கோட்டாட்சியரிடமோ முதல் வகுப்பு நீதித்துறை நடுவரிடமோ மனு கொடுக்கலாம். அடைபட்டவரை நேரில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனுவும் சென்னை உயர் நீதிமன்றத்தில் போடலாம்.

ஆள் மீண்டதும் அரசு மருத்துவமனையில் காட்டிக் காயங்களைப் பதிவு செய்யுங்கள். மிரட்டி வாங்கிய கையெழுத்தை ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைக் கொண்டு ரத்துசெய்ய முடியும். வெற்றுத்தாள், காசோலை, பவர் பத்திரம் என எதில் கையெழுத்திட்டார் என்பதை மறக்குமுன் எழுதி வாங்கி, சார்பதிவாளருக்கும் ஆட்சேபம் தெரிவியுங்கள்.

கடன் அப்படியே நிற்கும். வட்டி அநியாயமென்றால் 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி தனிப் புகார் கொடுங்கள். முறையான அடமானமாக இருந்து, கடன் கொடுத்தவர் பணத்தை வாங்க மறுத்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 83-ஆம் பிரிவின்படி பாக்கியை நீதிமன்றத்தில் கட்டிப் பத்திரத்தைத் திரும்பக் கேட்கலாம். அவர் வாசலுக்குப் போக வேண்டியதில்லை.