கைக்குழந்தையோடு ஊருக்குப் பறப்பவர்களுக்கு: முதலில் ஓர் ஆசனம்

யாழ்ப்பாணத்து நல்லூர்த் திருவிழாவையும் பள்ளிக்கூட விடுமுறையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஜூலை, ஆகஸ்டில் ஊருக்குக் கிளம்பும் குடும்பங்களில் பெரும்பாலும் ஒரு கைக்குழந்தையாவது இருக்கும். அம்மம்மாவும் அப்பப்பாவும் திரையில் மட்டுமே பார்த்த பேரப்பிள்ளை. பயணச்சீட்டு எடுக்கும் வீடுகளில் முதலில் எழும் கேள்வியும் ஒன்றுதான்: பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புவதற்குள் போய் வந்துவிட்டால் காசு மிச்சம் அல்லவா?

மிச்சம்தான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போனால், சர்வதேசப் பயணங்களில் பொதுவாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்களவே அறவிடுவார்கள். தனி ஆசனம் கேட்டால் சிறுவர் கட்டணம். அது பெரியவர் கட்டணத்தை விட அதிகம் குறைவாக இராது. அப்படியிருந்தும், முடிந்தவர்கள் அந்த ஆசனத்தை வாங்க வேண்டும் என்றே சொல்வேன். சொந்தபந்தங்களுக்கென்று நான்கு பெட்டி நிறையச் சொக்லேட்டும் சென்ற் போத்தலும் உடுப்பும் வாங்குகிறோம். அதில் ஒரு பகுதியைக் குறைத்தால் ஆசனக் கட்டணத்தில் பாதியாவது தேறும். ஊரில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிள்ளைக்கு இரண்டாவது பிறந்தநாள் ஊரில் நிற்கும்போது வந்தால், திரும்பி வரும் பயணத்துக்கு எப்படியும் தனி ஆசனம் கட்டாயம். இதைக் கவனிக்காமல் விமான நிலையத்தில் போய் நின்றால், அன்றைய விலைக்கு வாங்க வேண்டி வரும். ஆசனம் மீதி இருந்தால்தான் அதுவும் கிடைக்கும்.

மடி ஏன் போதாது

2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்குப் பறந்த சிங்கப்பூர் எயர்லைன்ஸ் விமானம் ஒன்று மியான்மருக்கு மேலே திடீரெனக் குலுங்கியது. ஐந்து விநாடிக்கும் குறைவான நேரத்தில் அது 178 அடி கீழிறங்கியதாக விசாரணையாளர்கள் பதிவு செய்தார்கள். ஆசனப்பட்டி அணியாதிருந்தவர்கள் மேலே தூக்கி வீசப்பட்டுக் கீழே விழுந்தார்கள். ஒரு பயணி உயிரிழந்தார். தலையிலும் முதுகெலும்பிலும் காயப்பட்டவர்கள் பலர். எட்டுப் பத்துக் கிலோ எடையுள்ள குழந்தையை எவ்வளவு அன்போடு இறுக்கிப் பிடித்திருந்தாலும், அப்படியொரு கணத்தில் கைகள் தாங்காது. ஜூலை, ஆகஸ்டில் வளைகுடாவிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் விமானம் தென்மேல் பருவக்காற்று வீசும் அரபிக் கடலைக் கடந்தே வருகிறது. குலுக்கம் அங்கே அபூர்வமல்ல.

இது புதிதாகக் கண்டறிந்த ஆபத்தும் அல்ல. 1989 ஜூலையில் அமெரிக்காவின் சூ சிற்றி நகரில் யுனைற்றட் எயர்லைன்ஸின் 232ஆம் இலக்க விமானம் விழுந்து நொறுங்கியபோது, மடிக்குழந்தைகள் நால்வர் அதில் இருந்தார்கள். தரையில் மோதுவதற்கு முன், அன்றைய விதிமுறைப்படி குழந்தைகளைக் காலடியில் தரையில் வைக்கச் சொன்னார்கள். நால்வரில் ஒரு குழந்தை உயிரிழந்தது. உயிர் தப்பிய தலைமைப் பணிப்பெண், குழந்தைகளுக்குத் தனி ஆசனம் கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று அதன் பின் பல ஆண்டுகள் போராடினார். சட்டம் இன்னும் மாறவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமும் கனடாவின் போக்குவரத்து அமைச்சும் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்கின்றன. முடிவு பெற்றோரின் கையில் விடப்பட்டிருக்கிறது.

தனி ஆசனம் வாங்குவதாக இருந்தால், வீட்டுக் காரில் பூட்டியிருக்கும் குழந்தை ஆசனத்தையே கொண்டு போகலாம். ஆனால் எல்லாமும் ஆகாது. அதன் அடியிலோ பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். வட அமெரிக்காவில் வாங்கியதென்றால், மோட்டார் வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்தச் சான்றளிக்கப்பட்டது என்ற வாசகம் அதில் இருக்க வேண்டும். ஐரோப்பாவில் வாங்கியவற்றுள் ஒரு சிலவற்றிலேயே விமானத்துக்கான அனுமதிச் சீட்டு இருக்கும். காரின் தோள்பட்டி இல்லாமல் பூட்ட முடியாத ஆசனங்கள் விமானத்தில் பயன்படா, ஏனென்றால் அங்கே இடுப்புப் பட்டி மட்டுமே உண்டு. அகலம் 16 அங்குலத்துக்குள் இருந்தால் சாதாரண வகுப்பு ஆசனத்தில் இடிக்காமல் அமரும். பெரிய பிள்ளைகளை உயர்த்தி வைக்கும் முதுகில்லாத பூஸ்ரர் ஆசனத்தை விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பயன்படுத்த விடமாட்டார்கள்.

கார் ஆசனத்தைச் சுமப்பது கடினம் என்பவர்களுக்குக் கேர்ஸ் என்ற பெயரில் ஒரு பட்டி விற்பனையில் இருக்கிறது. விமான ஆசனத்தின் முதுகில் மாட்டினால் பிள்ளையின் இரு தோள்களையும் சேர்த்துப் பிடிக்கும். தானாக நிமிர்ந்து இருக்கக்கூடிய, 10 முதல் 20 கிலோ வரை எடையும் 100 சென்ரிமீற்றருக்கு மிகாத உயரமும் உள்ள பிள்ளைகளுக்கு உரியது. கைப்பைக்குள் அடங்கிவிடும்.

எதைக் கொண்டு போனாலும், விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுதி, அனுமதி உண்டு என்ற பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விமான வாசலில் நிற்கும் பணியாளருக்கு எல்லா விதியும் நினைவில் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இடைத்தங்கலுக்குப் பின் வேறு நிறுவனத்தின் விமானம் என்றால் அவர்களிடமும் கேளுங்கள். கார் ஆசனத்தை யன்னலோரத்தில் வைப்பதே வழமை. மற்றவர்கள் எழுந்து போகும் வழியை அது மறிக்கக் கூடாது.

தனி ஆசனத்துக்கு வழியில்லாதவர்கள் இருப்பார்கள். நான்கு பிள்ளைகளோடு போகிறவர்களிடம் போய் இதைச் சொல்லவும் முடியாது. அவர்களுக்கு ஒன்று மட்டும் மிக முக்கியம். உங்கள் பட்டிக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டாதீர்கள். விமானம் திடீரென வேகம் குறைந்தால், உங்கள் உடலின் பாரம் முழுவதும் பட்டிக்கும் உங்களுக்கும் நடுவில் இருக்கும் குழந்தையின் மேல் இறங்கும். பிரித்தானிய, ஐரோப்பிய நிறுவனங்கள் உங்கள் பட்டியில் கோத்துக்கொள்ளும் சிறிய குழந்தைப் பட்டி ஒன்றைத் தருவார்கள். குலுக்கத்தில் குழந்தை கையை விட்டுப் பறந்துவிடாமல் அது தடுக்கும். மோதலில் அதுவும் காப்பாற்றாது என்பதால் அமெரிக்க நிறுவனங்கள் அதைப் பயன்படுத்துவதில்லை. சுவரில் மாட்டும் தொட்டிலை முன்பதிவு செய்தால் நீண்ட பயணத்தில் கைக்கு ஓய்வு கிடைக்கும். எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், கேட்டு அறியுங்கள். பட்டி விளக்கு எரிந்தால் தூங்கும் குழந்தையையும் தூக்கி மடியில் கட்ட வேண்டியிருக்கும். தூக்கம் கலையுமே என்று தயங்க வேண்டாம்.

காது

குழந்தை அதிகம் அழுவது விமானம் ஏறும்போது என்று நினைக்கிறோம். உண்மையில் இறங்கும்போதுதான். மேலே பறக்கையில் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதைப் போன்றது. இறங்க இறங்க அழுத்தம் கூடும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையில் உள்ள குழாய் குழந்தைகளுக்கு ஒடுங்கியது. விழுங்கினால் அது திறக்கும். திறக்காவிட்டால் செவிப்பறை உள்ளே இழுபட்டு வலிக்கும்.

ஆகவே தாய்ப்பாலோ போத்தலோ சூப்பியோ இறக்கத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். விமானம் நிலம் தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணித்தியாலத்துக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிடும். இயந்திரச் சத்தம் தாழும். உங்கள் காதிலும் ஒரு சின்ன அடைப்பு வரும். அப்போது பிள்ளை ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தால், பாவம் தூங்கட்டும் என்று விடாமல் மெல்ல எழுப்பி நிமிர்த்தி வைத்துக் கொடுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைவு. பத்து நிமிடம் கழித்து அது கையால் காதை இழுத்துக்கொண்டு, முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைத்து அலறத் தொடங்கினால் போத்தலை வாயில் வாங்காது. அந்த நேரம் அழுகையே காதைத் திறக்க உதவும் என்பதை நினைத்துக்கொண்டு, தோளில் போட்டுத் தட்டிக் கொடுப்பதுதான் வழி. சுற்றி இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

சளியோ காதுவலியோ இருந்தால் புறப்படுவதற்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். காய்ச்சல் பாணி மருந்தைப் பிள்ளையின் எடைக்கேற்ற அளவைக் கேட்டு எழுதி, அளக்கும் ஊசிக்குழாயோடு கைப்பையில் வையுங்கள். தூங்க வைப்பதற்கென்று ஒவ்வாமை மருந்தைக் கொடுக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. செய்யாதீர்கள். சில பிள்ளைகளுக்கு அது எதிர்மாறாக வேலை செய்து தூக்கத்தையே கெடுக்கும். சிலருக்கு மூச்சு மந்தமாகும்.

சூடும் கச்சானும்

விமானத்துக்குள் பிள்ளைகளுக்கு நேரும் காயங்களில் சுடுபானம் கொட்டி ஏற்படும் தீப்புண் முக்கியமானது. மடியில் பிள்ளை இருக்கும்போது தேநீர் வாங்காதீர்கள். பக்கத்து ஆசனக்காரருக்குச் சுடச்சுடக் கோப்பையைக் கொடுக்கும் கை உங்கள் பிள்ளையின் தலைக்கு மேலாகத்தான் போகும், அந்த ஒரு நிமிடம் உங்கள் கையைக் குறுக்கே வையுங்கள். நடைபாதை ஓரத்தில் பிள்ளையை இருத்த வேண்டாம். உணவு வண்டி உரசிக்கொண்டு வரும்போது வெளியே நீட்டிய பிஞ்சு விரலோ காலோ அகப்பட்டுவிடும். காலடியில் போர்வை விரித்துப் பிள்ளையைப் படுக்க வைப்பதும் வேண்டாம்: குலுக்கத்தில் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது, மேலிருந்து விழும் ஒட்சிசன் முகமூடியும் அங்கே எட்டாது. முகமூடி விழுந்தால் முதலில் உங்களுக்கு, பிறகு பிள்ளைக்கு. அந்த உயரத்தில் நினைவு தப்பச் சில பத்து விநாடிகளே போதும். நீங்கள் மயங்கினால் பிள்ளைக்கு மாட்டிவிட யாரும் இல்லை.

தீனிப் பையில் இருந்து முழுக் கச்சானையும் கடலை போட்ட மிக்ஸரையும் எடுத்துவிடுங்கள். நாலைந்து வயது வரை இவை மூச்சுக்குழாயில் போய் அடைக்கக்கூடியவை. முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்தில் வைத்தியசாலை கிடையாது. முழுத் திராட்சை என்றால் நீளவாக்கில் நான்காகக் கீறிக் கொடுங்கள். இட்டலி, கட்டித் தயிர்ச்சாதம், வாழைப்பழம், ரஸ்க் எல்லாம் நன்றாகப் போகும். குழந்தைக்கான பால், பால்மா, கூழ் ஆகியவற்றுக்குப் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிலீற்றர் கட்டுப்பாடு பொருந்தாது; பயணத்துக்குத் தேவையான அளவு கொண்டு போகலாம். ஆனால் தனியே எடுத்து வைத்துச் சொல்ல வேண்டும். பால்மா கரைக்க விமானக் குழாய்த் தண்ணீரைப் பாவிக்காமல் போத்தல் தண்ணீரைக் கேளுங்கள்.

பம்பஸ் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, விமானம் பிந்தினாலும் போதுமாறு இன்னும் நான்கைந்து. பிள்ளைக்கு இரண்டு மாற்றுடுப்பு, தாய்க்கு ஒன்று. சத்தி எடுத்தால் அது தாயின் மேல்தான் விழும். ரொறன்ரோவிலிருந்து வளைகுடாவுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று மணித்தியாலம் குளிருக்குள் இருந்துவிட்டுக் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவின் புழுக்கத்தில் இறங்குவீர்கள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய பருத்தி உடுப்பே நல்லது.

தட்டம்மை ஊசி பற்றி ஒரு வார்த்தை: ஆறு முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தை வெளிநாடு போகும்போது, வழமையான வயதுக்குக் காத்திராமல் ஒரு மேலதிக ஊசியை முன்கூட்டியே போடுவது உண்டு. புறப்பட இரண்டு வாரமாவது இருக்கையில் வைத்தியரிடம் கேளுங்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து

விமானத்தைவிட இந்த வீதிப் பயணத்துக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். கட்டுநாயக்கவிலிருந்து சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, பிறகு ஏ9 வீதி வழியே யாழ்ப்பாணம் ஏழெட்டு மணித்தியாலம். நேர மாற்றத்தால் பிள்ளை பகலையும் இரவையும் குழப்பிக்கொண்டிருக்கும். ரொறன்ரோவின் கோடை நேரத்துக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். வாடகை வான்களில் குழந்தை ஆசனம் இருப்பது அரிது. பல வான்களின் பின் வரிசையில் பட்டியே ஆசனத்துக்கு அடியில் புதைந்து கிடக்கும். நீங்கள் விமானத்தில் கொண்டு வந்த கார் ஆசனத்தின் முழுப் பயனும் இங்கேதான். வான் பேசும்போதே, பின்னால் வேலை செய்யும் பட்டி உள்ள வாகனம் வேண்டும் என்று சாரதியிடம் சொல்லி, படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சென்னை வழியாக வருபவர்களுக்கு யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் இந்த நீண்ட வீதிப் பயணத்தையே மிச்சப்படுத்தும்.

விமான நிலையத்துக்கு அம்மம்மா வந்திருப்பார். வானில் ஏறியதும் இரு கைகளையும் நீட்டி, "பிள்ளையை என்னட்டைத் தாங்கோ, நான் மடியில் வைத்திருக்கிறேன்" என்பார். மறுத்தால் மனம் நோகும். விமானத்தில் ஆசனம் வாங்கிய காரணத்தை அங்கே விளக்கிக்கொண்டிருக்கவும் முடியாது. "அம்மா, சிலாபத்தில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டுவோம், அங்கே நீங்கள்தான் பால் கொடுக்க வேண்டும்" என்று முன்கூட்டியே ஒரு பொறுப்பை ஒப்படைத்துவிடுங்கள். அதன் பிறகும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஒருமுறையாவது நிறுத்துங்கள்: புத்தளம், அநுராதபுரம், வவுனியா, முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிள்ளை அம்மம்மாவின் தோளில் இருக்கட்டும். வான் கிளம்பும்போது ஆசனத்துக்குத் திரும்பட்டும். முறிகண்டியில் எல்லோரும் கச்சான் வாங்குவார்கள். அந்தப் பை பிள்ளைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும்.