பஞ்சு படிந்த மடிக்கணினியில் பாவுக் கணக்கு: நான் செய்த முறை

பல்லடம் பக்கம் எங்களுக்கு எட்டுத் தறி ஓடுகிறது. கூலிக்கு நெய்கிறோம். பாவும் (நீளவாக்கில் ஓடும் நூல்) ஊடை நூலும் (குறுக்கே ஓடும் நூல்) ஜவுளி உற்பத்தியாளரிடமிருந்து வரும். சாயம் ஏற்றாத காடா துணியாக நெய்து மீட்டர் கணக்கில் திருப்பித் தருவோம். இந்த வரவையும் பற்றையும் அப்பா நோட்டில்தான் எழுதி வந்தார். ஒரு பாவில் எத்தனை மீட்டர் இறங்கியது என்று பேச்சு வந்த அன்று, வேண்டிய நோட்டு மட்டும் கிடைக்கவில்லை. பரணில் கிடந்த 2012-ஆம் ஆண்டு மடிக்கணினியை அன்று இரவே இறக்கினேன்.

விண்டோஸ் திறந்து முடிய ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கடையில் காட்டியபோது, "எடைக்குப் போட்டுவிடுங்கள் தம்பி" என்றார்கள். அதில் இருந்த விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு மேம்பாடு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லைக் கேட்கிறது, அந்தக் காலத்து மடிக்கணினியில் அது கிடையாது. ஆகவே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்.

முதலில் படங்களையும் கோப்புகளையும் வேறொரு பென் டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திருப்புளி.

பின்மூடியைக் கழற்றியதும் எனக்குப் பாதி விஷயம் விளங்கிவிட்டது. மின்விசிறிக்கும் அதன் வாயிலுள்ள செம்புத் தகடுகளுக்கும் நடுவே, கம்பளித் துண்டு போல ஒரு பட்டை. தறியிலிருந்து பறந்த பஞ்சு. நகத்தால் நெம்பியபோது ஒரே துண்டாக உரிந்து வந்தது. காற்று போக வழியில்லாமல் சூடேறி, பத்து நிமிடத்தில் தானாக அணைந்துகொண்டிருந்த இயந்திரம் அதன் பிறகு ஒருமுறைகூட அணையவில்லை. தறிக்கூடத்தில் கணினி வைத்திருப்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைப் பாருங்கள். விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு தூரிகையால் துடைத்தால் போதும். பேட்டரி உப்பியிருந்தால் யோசிக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள்; சார்ஜரிலேயே ஓடும்.

மூடி திறந்திருக்கும்போதே ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதே இடத்தில் இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டியை (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்) பொருத்திவிடலாம். பழைய கணினியின் மெத்தனத்துக்குப் பெரும்பாலும் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். 4 ஜிபி ராம் இருந்தால் ராமைத் தொடாதீர்கள். பணம் எஸ்எஸ்டிக்குப் போகட்டும்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டின், பழைய கணினிக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் பதிவிறக்குங்கள். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை மேம்பாடு உண்டு. 64 பிட் கணினியாக இருக்க வேண்டும். கோப்பைப் பென் டிரைவில் அப்படியே நகல் எடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து கிளம்பாது. கிளம்பும்படி எழுத ஒரு மென்பொருள் வேண்டும்; பலரும் எட்சர் சொல்வார்கள். எனக்கு வென்டாய்தான் பிடித்தது. பென் டிரைவில் ஒருமுறை அதை நிறுவிவிட்டால் (உள்ளே இருப்பது அழிந்துவிடும்), பிறகு பதிவிறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை நகல் எடுத்துப் போட்டால் போதும். ஒரே பென் டிரைவில் நான்கு லினக்ஸ் வைத்துக்கொண்டு, எது ஒத்துவருகிறது என்று பார்க்கலாம்.

பல மடிக்கணினிகளில், தொடங்கும்போதே எஃப்12-ஐத் தட்டிக்கொண்டிருந்தால் பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் வரும். ஹெச்பி என்றால் எஸ்கேப், பிறகு எஃப்9. நிறுவாமலே ஓட்டிப் பார்த்து, திருப்தியானபின் நிறுவுங்கள். அது கேட்கும் கேள்விகள் எளியவை.

நான் இரண்டு மாலைகளைத் தொலைத்தது இதற்கு அடுத்த படியில். நிறுவி முடித்தால் வைஃபை இல்லை. அந்த வைஃபை சில்லை இயக்கும் மென்பொருளான டிரைவரை இணையத்திலிருந்து எடுக்க வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். இதற்குக் கைபேசிதான் வழி. கேபிளால் கைபேசியைக் கணினியில் செருகி, கைபேசி அமைப்புகளில் ஹாட்ஸ்பாட் பகுதிக்குள் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்கினால், லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். ஆனால் என் கைபேசியில் அந்த வரி சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தது; தொட்டால் அசையவில்லை. கைபேசி சார்ஜ் ஏறிக்கொண்டிருந்ததால் கேபிளை நான் சந்தேகிக்கவே இல்லை. லினக்ஸை மறுபடி நிறுவினேன், கைபேசியை அணைத்துப் போட்டேன், துளையை மாற்றினேன். இரண்டாம் நாள் அக்கா கைபேசியோடு வந்த கேபிளைச் செருகியதும் அந்த வரி கறுத்தது.

சந்தையில் விற்கும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் மின்சாரம் போகும் கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவல் போகும் கம்பிகள் இருக்காது. பார்வைக்கு வேறுபாடே தெரியாது. கைபேசியைச் செருகியதும் 'கோப்புப் பரிமாற்றம்' என்று அது கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் நல்ல கேபிள். இணையம் வந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்தால், வேண்டிய டிரைவரை அதுவே காட்டும்.

அடுத்து தமிழ். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். 'அப்பா' என்பதற்கு அ, ப, ப, ஆ என நான்கே தட்டு. புள்ளி தானாக விழும். விசைப்பலகை அமைப்பிலேயே தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். அதைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி தானாக விழாது. அதனால் மென்பொருள் மேலாளரில் ஐபஸ், ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டையும் நிறுவி, உள்ளீட்டு முறையாக ஐபஸைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் விருப்பங்களில் தமிழ் என்பதன் கீழ் தமிழ்99-ஐச் சேர்க்கலாம்.

கணக்குக்கு லிப்ரே ஆபீஸ் கால்க் கூடவே வருகிறது. தேதி, பாவு எண், தறி எண், மீட்டர், கூலி என்று ஐந்து பத்திகள் போட்டேன். பேட்டரியை எடுத்துவிட்ட கணினி என்றால், தானே சேமிக்கும் இடைவெளியை 10 நிமிடத்திலிருந்து 2 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். மாதாந்திர மின்தடை முன்பே தெரியும்; நடுவில் போவது தெரியாது. அப்பா இப்போது இரவு எட்டரைக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே தட்டுகிறார். முதல் வாரம் 'ற' எங்கே என்று தேடினார், இப்போது கேட்பதில்லை.

பின்சேர்க்கை: எஃப்12 வேலை செய்யவில்லை என்று சோமனூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். ஏசர் கணினிகளில் பலவற்றில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். எஃப்2 தட்டி பயாஸ் எனும் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய், எஃப்12 பூட் மெனு என்பதை இயக்கிச் சேமியுங்கள்.

இன்னொருவருக்குப் பழைய பில்கள் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகச் சிதறித் தெரிகின்றன. அவை பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இப்படித்தான் தெரியும். கோப்பு கெடவில்லை, அழித்துவிடாதீர்கள். இணையத்தில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசப் பக்கங்கள் இருக்கின்றன. ஒட்டினால் மாற்றித் தரும். எண்களை மட்டும் பழைய பில்லோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.