பரண்மேல் இருக்கும் ட்ரங்குப் பெட்டியும் புது மெத்தையும்: குழந்தை அறை அமைப்பது எப்படி?

குழந்தைக்கு அறை ஒழுங்கு செய்கிறவர்கள் பெரும்பாலும் ஒன்று, எல்லாவற்றையும் செட்டாக ஆன்லைனில் வாங்கிக் கடை மாதிரி வைக்கிறார்கள். இல்லையென்றால் பரண்மேல் கிடந்ததையெல்லாம் இறக்கி அறையைக் குடோன் ஆக்கிவிடுகிறார்கள். என் கணக்கு எளிது: பழசு கண்ணுக்கு, புதுசு உடம்புக்கு. குழந்தை படுப்பது, கடிப்பது, பிடித்து எழுவது எல்லாம் புதுசாக இருக்கட்டும்.

பிறக்கும் முன் தொட்டில் வாங்கக் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சண்டை போட வேண்டாம். பழைய சாமானைச் சுத்தம் செய்ய அந்த மாதங்கள்தான் தோது.

படி 1: ஒரே ஒரு பெரிய பழைய பொருளைத் தேர்ந்தெடுங்கள்

தாத்தாவின் தேக்கு அலமாரி, பாட்டியின் ட்ரங்குப் பெட்டி, இப்படி ஏதாவது ஒன்று. வீட்டில் இல்லையா? காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் பழைய சாமான்கள் விற்கிறார்கள். பேரம் பேசத் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள்.

படி 2: சோதனை

இதில் அவசரம் கூடாது. மரத்தில் பொடி ஓட்டைகள் இருந்து, அடியில் மாவு போலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. விட்டுவிடுங்கள்.

அடுத்தது பெயிண்ட். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத் தூள் வீடு முழுக்கப் பறக்கும். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் இந்த வேலையே வேண்டாம். பெயிண்ட் உரிகிற சாமானை அறைக்குள் கொண்டுவராதீர்கள். வெறும் மரம் என்றால் கவலை குறைவு.

பழைய கம்பித் தொட்டிலில் படுக்க வைக்கும் ஆசை இருந்தால் டேப் எடுத்து அளந்து பாருங்கள். கம்பிகளுக்கு நடுவே 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும். அதில் துணி பொம்மைகளைப் போட்டு வையுங்கள், அழகாகத்தான் இருக்கும்.

படி 3: மெருகு

பெயிண்ட் இல்லாத மரத்தை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தி, ஆளிவிதை எண்ணெயை லேசாகத் தடவுங்கள். எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும்.

ட்ரங்குப் பெட்டியின் மூடி விரலில் விழும். அதனால் மூடியைக் கழற்றிவிட்டு, விளிம்பு கூராக இருந்தால் துணி வைத்து மூடிவிடுங்கள்.

படி 4: புதுசு

கட்டில், மெத்தை, விரிப்பு மூன்றும் புதிது. மெத்தை கெட்டியாக, கட்டிலுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தலையணை வேண்டாம். சுவருக்கு வெளிர் நிறம் போதும், தேக்கின் நிறம் அதில்தான் எடுபடும். மஞ்சள் வெளிச்ச எல்இடி விளக்கு ஒன்று.

அலமாரியை எல் கிளாம்ப் (எல் வடிவ இரும்புத் தகடு) வைத்துச் சுவரோடு முடுக்குங்கள். தவழும் பிள்ளை இழுப்பறையைப் படியாக நினைத்து ஏறும்.

படி 5: உயரமான தட்டு

மரப்பாச்சி, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை, பித்தளைச் சொப்பு எல்லாம் கை எட்டாத உயரத்தில். நவராத்திரி வந்தால் மரப்பாச்சி கொலுப்படிக்குப் போய்விடும், அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நடைவண்டி மட்டும் புதிதாகச் செய்யச் சொல்லுங்கள், வர்ணம் பூசாமல்.

என் கணக்குக்கு ஒரே விலக்கு தூளி. அதற்குப் புதுப் புடவை ஆகாது, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பாட்டியின் நூல் புடவைதான் வேண்டும். கொக்கியைக் கொத்தனாரை வைத்துக் கான்கிரீட்டில் போடுங்கள், தூளியில் பிள்ளை கிடக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.