ராசாளிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய பிழைகள்

கட்டாருக்கோ டுபாய்க்கோ வேலைக்குப் போய் வந்தவர்களின் போனில் தோல் முக்காடு போட்ட ராசாளிப் படம் ஒன்றாவது கிடக்கும். அதைக் காட்டி வன்னியில் கேட்கிற கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றேதான். ராசாளி இனங்களில் பெரிகிரின் திறமா, சேக்கர் திறமா? இங்கே ஒன்றைப் பழக்கினால் வயலுக்கு வரும் கிளியையும் மயிலையும் கலைக்காதா? எந்த நிலம், எந்த இரை, எவ்வளவு வெக்கை என்று பார்க்காமல் பறவைகளை மட்டும் வரிசையில் நிறுத்திப் புள்ளி போடுகிற இடத்திலேயே பிழை தொடங்கிவிடுகிறது.

அதற்கும் முன்னால் வருகிற பிழை, ராசாளியே அல்லாத பறவையை ராசாளி என்று வைத்துக்கொள்வது. கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு மேலால் மறைகிற பறவை வன்னியில் பெரும்பாலும் ஷிக்ரா. அதன் இறக்கை கட்டையாக, நுனி வட்டமாக இருக்கும். வால் நீளம், அதில் பட்டைகள் இருக்கும். கண் மஞ்சள், வளர்ந்த சேவலுக்குச் சிவப்பு. இங்கே காணும் ராசாளி இனங்களுக்கோ கண் எப்போதும் கருமைதான், குஞ்சாக இருந்தாலும் கிழடாக இருந்தாலும். இறக்கை நீண்டு நுனி கூராக முடியும். கிட்டப் பார்த்தால் மேலலகின் ஓரத்தில், வளைவுக்குச் சற்றுப் பின்னால், பல்லைப் போல ஒரு முனை துருத்தி நிற்பது தெரியும். கீழலகில் அதற்குப் பொருந்துகிற வெட்டு இருக்கும். அது அலங்காரத்துக்கு இல்லை. ஷிக்ராவும் அதன் உறவுகளும் இரையைக் கால் நகத்தால் நெரித்தே கொல்கின்றன. ராசாளி காலால் அடித்துப் பிடித்து, அந்தப் பல்முனையால் கழுத்தெலும்பைக் கடித்து முறிக்கும். மரபணு ஆய்வுகள் இப்போது ராசாளிகளைப் பருந்து, கழுகுக் கூட்டத்திலிருந்து பிரித்துக் கிளிகளுக்கும் குருவிகளுக்கும் பக்கத்தில் வைத்திருக்கின்றன. வயலில் நெற்கதிர் அறுக்கிற கிளிதான் அதற்கு நெருங்கிய சொந்தம். செம்பருந்து தூரத்து ஆள்.

அடுத்துக் குழப்புவது வயலுக்கு மேலே ஒரே இடத்தில் இறக்கையடித்து நிற்கும் பறவை. அப்படி நின்றாலே கெஸ்ட்ரல் என்ற சிறு ராசாளி என்று எழுதிவிடுகிறார்கள். வன்னி வயல்வெளிகளில் அப்படி நிற்பது அனேகமாகக் கருந்தோள் பருந்து. அடிப்பக்கம் வெள்ளை, தோளில் கறுப்புத் திட்டு, வால் வெள்ளை, கண் இரத்தச் சிவப்பு. கெஸ்ட்ரலுக்கு முதுகு செங்கல் நிறம், கண் கறுப்பு, நீண்ட வாலின் நுனியில் அகலமான கறுப்புப் பட்டை. இரண்டும் எலி, வெட்டுக்கிளி தேடித்தான் நிற்கின்றன. அதனால் நிற்கிற முறையை விட்டுவிட்டு நிறத்தையும் கண்ணையும் பார்க்க வேண்டும்.

உண்மையான பெரிகிரினைப் பார்க்க வேண்டுமானால் ஒக்டோபர் தொடக்கம் ஏப்ரல் வரை வங்காலை, நந்திக்கடல், சுண்டிக்குளம் பக்கம் போக வேண்டும். தாராவும் உள்ளானும் கூட்டமாக இறங்கும் காலம் அது. தொலைபேசிக் கோபுரத்தின் குறுக்குக் கம்பியிலோ மொட்டைப் பனையின் உச்சியிலோ அசையாமல் குந்தியிருக்கும். வடக்கே இருந்து வருவது பெரிய உருவம், மார்பு வெளிறியது, கன்னத்தில் கறுப்பு மீசை ஒடுக்கமானது. இலங்கையிலேயே வாழும் ஷாஹீன் அதே இனத்தின் இன்னொரு வகை. உருவம் சிறிது, வயிறு செம்பழுப்பு, தலை முழுக்கக் கறுத்துத் தொப்பி போட்டது போல இருக்கும். அது சிகிரியா போன்ற செங்குத்துப் பாறைகளில் குஞ்சு பொரிப்பது. இவை இரண்டையும் தனித்தனி இனமாக வைத்து ஒப்பிடுவதும் பிழை. வளைகுடாவில் 'ஷாஹீன்' என்றால் பெரிகிரின் முழுவதையும் குறிக்கும் என்பதால் அங்கிருந்து வரும் வீடியோக்களை இங்குள்ள ஷாஹீனோடு வைத்துப் பேசக்கூடாது. வயதையும் கவனிக்க வேண்டும். முதலாண்டுப் பறவைக்கு மார்பில் கோடுகள் நெடுக்காக இறங்கும், வளர்ந்ததற்குக் குறுக்காக ஓடும். இது தெரியாமல் தாயையும் குஞ்சையும் இரண்டு இனமாக எழுதியவர்கள் பலர்.

இனி நிறை. 'சேக்கர் ஒரு கிலோ, பெரிகிரின் முக்கால் கிலோ' என்று எழுதுகிறவர்கள் ஆணா பெண்ணா என்று சொல்வதில்லை. ராசாளிகளில் பெண்தான் பெரியது, ஆண் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெரிகிரின் ஆண் 550 முதல் 750 கிராம், பெண் 850 முதல் 1200. சேக்கர் ஆண் 730 முதல் 990, பெண் 970 முதல் 1300. லானர் என்ற இன்னொரு ராசாளியில் ஆண் 500 முதல் 600, பெண் 700 முதல் 900. வட துருவப் பக்கத்து ஜேர் ராசாளியில் ஆண் 800 முதல் 1300, பெண் 2 கிலோ வரை போகும். இந்த எண்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும். பெண் பெரிகிரின் ஆண் சேக்கரைவிடக் கனமாக இருக்கலாம். ஆண் ஜேர் பெண் பெரிகிரினுக்குச் சமமாக நிற்கலாம். ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் வைத்தால்தான் ஒப்பீடு. அரபு நாட்டுப் படங்களில் வருகிற வெள்ளைப் பறவைகளில் கலப்பினங்கள் ஏராளம். ஜேரையும் பெரிகிரினையும், ஜேரையும் சேக்கரையும் கலந்து பண்ணையில் எடுத்தவை. அவற்றை ஒரு இனத்தின் குணத்துக்கு உதாரணம் காட்டக்கூடாது.

வேகத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. பெரிகிரின் மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் போகும் என்பது சரி, ஆனால் உயரத்தில் ஏறி இறக்கையை மடித்துத் தலைகீழாக விழும்போது மட்டும். நேராகப் பறக்கையில் சாதாரணமாக 100க்குள் அடங்கிவிடும். அந்த விழுகைக்கு மேலே திறந்த வானமும், கீழே ஒளிய இடமில்லாமல் பறந்துகொண்டிருக்கும் இரையும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் 300 என்ற எண்ணுக்கு வேலையில்லை. வளைகுடாவின் 400 மீற்றர் ஓட்டப் போட்டியில் வெல்கிற பறவையை வேட்டைக்குத் திறமான பறவை என்று எடுத்துக்கொள்வதும் இதே வகைப் பிழைதான். அங்கே தாழ்வாக, நேராக, பொய்யிரையை நோக்கிப் பறப்பது மட்டுமே கணக்கு.

சேக்கர் வேறு மாதிரி. அது வரண்ட புல்வெளிக்கும் பாலைக்கும் பிறந்தது. தாழப் பறந்து, விடாமல் துரத்தி, நிலத்தில் ஓடும் முயலையும் பிடிக்கும். தூசிக்கும் வெயிலுக்கும் பெரிகிரினைவிடத் தாக்குப்பிடிக்கும். அரபு வேட்டைக்காரர் ஹுபாரா என்னும் கானமயிலின் பின்னால் அதை விட்டது அதனால்தான். பெரிகிரினைத் தரையில் ஓடுகிற இரைக்கு விட்டால் அதன் திறமை பாதிக்குப் பாதி வீண், அடிபடுகிற ஆபத்தும் உண்டு. லானர் வெக்கை தாங்கும், சாந்தமானது, காடை, கவுதாரி அளவுக்கு மேல் எதிர்பார்க்கக்கூடாது. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் உள்ள லக்கர் ராசாளியை 'சோம்பேறி' என்று ஒதுக்குகிறார்கள். அங்கே பொறி வைப்பவர்கள் அதைப் பெரிய ராசாளிகளை ஏமாற்றிப் பிடிக்கும் தூண்டிலாகப் பாவித்து அதன் தொகையைக் குறைத்தார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை.

இப்போது வன்னியை எடுத்துக்கொள்வோம். பாலை மரமும் வீரை மரமும் முள்ளுப் பற்றையும் அடர்ந்த காடு ராசாளிக்கு உதவாது. நீண்ட இறக்கையோடு மரங்களுக்குள் நுழைய அதால் ஏலாது. மிஞ்சுவது குளக்கட்டுகள், வயல்வெளி, கடலேரி. அங்கே மயிலைக் கலைக்க ராசாளி என்றால், வளர்ந்த மயில் சேவல் 4 முதல் 6 கிலோ. ஒரு கிலோப் பறவை அதை ஏறிட்டும் பார்க்காது. நெற்குருவிக் கூட்டம் ராசாளியைக் கண்டதும் பறந்து போகாது, கதிருக்குள் இறங்கிவிடும். பயிருக்குள் பாய்ந்து பிடிக்கிற பழக்கம் ராசாளிக்குக் கிடையாது. கிளி ஒருநாள் கலையும், பறவையை நாள்தோறும் அதே வேளைக்கு விடாவிட்டால் மூன்றாம் நாள் திரும்பி வரும். விமான நிலையங்களிலும் திராட்சைத் தோட்டங்களிலும் இது பலிப்பதற்குக் காரணம், சம்பளத்துக்கு ஆள் வைத்துத் தினமும் பறக்க விடுவது. பத்து ஏக்கர் காலபோகத்துக்கு அந்தச் செலவு கட்டாது.

காலநிலையைக் கடைசியாகப் பார்க்கிறவர்கள்தான் அதிகம், அதுதான் பறவையைக் கொல்கிறது. ஜேர் குளிர்தேசத்துப் பறவை. வளைகுடாவில் அது குளிரூட்டிய அறையில்தான் இருக்கிறது. அதற்கு மிகவும் ஆகாதது அஸ்பர்ஜிலஸ் என்ற பூஞ்சை. அது நுரையீரலிலும் காற்றுப் பைகளிலும் பிடித்தால் வெளியே தெரிவதற்குள் காலம் கடந்துவிடும். முதலில் சத்தம் மாறும், பறந்து வந்தபின் வாயைத் திறந்தபடி நீண்ட நேரம் மூச்சு வாங்கும், வால் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். கார்த்திகை, மார்கழி மழையில் நனைந்த வைக்கோலில் இந்தப் பூஞ்சை செழித்து வளரும். எந்த வேட்டைப் பறவைக்கும் வைக்கோல் படுக்கை போடக்கூடாது. கழுவிய மணலோ சரளையோ போதும்.

சின்னப் பறவை என்றால் சுலபம் என்பது புதிதாகப் படிப்பவர்கள் விழுகிற குழி. வேட்டைப் பறவை பழக்கும் இந்தக் கலையில் பறவை திரும்பி வருவது அன்பால் இல்லை, பசியால். அதன் பறக்கும் நிறையை, அதாவது பசியோடு பறந்து திரும்பி வருகிற நிறையை, நாள்தோறும் ஒரே வேளையில், நேற்றைய தீனில் சீரணிக்காத இறகும் மயிருமான கக்கல் உருண்டையை வெளியே தள்ளிய பிறகு, தீன் கொடுப்பதற்கு முன் நிறுக்க வேண்டும். ஒரு கிலோச் சேக்கரில் 10 கிராம் கூடிக் குறைந்தால் ஒன்றுமில்லை. 200 கிராம் கெஸ்ட்ரலில் அதே 10 கிராம் என்பது நூற்றுக்கு ஐந்து. காலையில் உற்சாகமாக இருந்த பறவை பின்னேரம் பட்டினியில் விழுந்து சாகும். பெரிய ராசாளி தன் நிறையில் நூற்றுக்குப் பத்தளவு தின்றால், சிறியதற்கு இருபதுக்கு மேல் வேண்டும். பலசரக்குக் கடைத் தராசு இதற்குச் சரிவராது, ஒரு கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு வேண்டும்.

தீன் விஷயத்தில் இனத்துக்கு இனம் வேறுபாடு பார்ப்பதைவிட எல்லாவற்றுக்கும் பொதுவான பிழையைத் திருத்துவது முக்கியம். எலும்பில்லாத மாட்டிறைச்சியோ கோழி நெஞ்சிறைச்சியோ மட்டும் கொடுத்தால் வளரும் குஞ்சின் கால் வில்லாக வளையும், இறக்கையெலும்பு தானாகவே முறியும். தனி இறைச்சியில் கல்சியத்தைவிடப் பொஸ்பரஸ் பதினைந்து, இருபது மடங்கு. காடையோ ஒருநாட் கோழிக்குஞ்சோ எலும்பும் இறகும் தோலுமாக முழுதாகப் போக வேண்டும். புறாவில் வாய்ப்புண் நோய்க் கிருமி இருக்கும், தின்ற பறவையின் தொண்டையில் பாற்கட்டி மாதிரி மஞ்சள் படியும். வயலில் செத்துக் கிடக்கும் எலியைத் தொடவே கூடாது. எலிமருந்து தின்ற எலி அதைத் தின்ற பறவையையும் கொல்லும்.

கட்டுகிற முறையில் ஒரு பிழை ஊரில் அடிக்கடி நடக்கிறது: காலில் நைலோன் நூல். நூல் தோலுக்குள் இறங்கிக் காலை அறுக்கும். கயிறு நீளமாக இருந்தால் பறவைக்கு நல்லது என்று நினைத்து இரண்டு மூன்று மீற்றர் விடுகிறார்கள். பறவை வேகமெடுத்துப் பறந்து கயிறு முடிகிற இடத்தில் சுண்டி நிற்கும்போது காலெலும்பு முறிகிறது. அகலத் தோல் பட்டியும் சுழல் வளையமும் ஒரு மீற்றருக்கு உட்பட்ட கயிறுமே முறை. கயிற்றோடு தப்பிய பறவை மரக்கிளையில் சிக்கித் தலைகீழாகத் தொங்கிச் சாகும்.

இவ்வளவும் சொன்னது எங்கே செய்வதற்கு என்றால், சட்டம் இடம் கொடுக்கிற நாடுகளில். இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ராசாளியையோ ஷிக்ராவையோ பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரலாமே என்பவர்கள் கவனிக்க: அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் ஜேரும் லக்கரும், இரண்டாம் பின்னிணைப்பில் சேக்கரும் கெஸ்ட்ரலும் இருக்கின்றன, பெரிகிரினும் அதன் கட்டுப்பாட்டில்தான். வளைகுடாவில் ராசாளிக்குக் கடவுச்சீட்டு இருப்பது விளையாட்டுக்கில்லை.

காற்றுக்கு மரத்திலிருந்து விழுந்த குஞ்சை 'ராசாளிக் குஞ்சு' என்று எடுத்து வந்தால், அது ராசாளியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ராசாளிகள் தாமாகக் கூடு கட்டுவதில்லை, ஷாஹீன் பாறை விளிம்பில் முட்டையிடும். கையில் இருப்பது ஷிக்ராவோ கருந்தோள் பருந்தோ செம்பருந்தோதான். இறகு முளைத்துக் கிளையில் தொற்றிக்கொள்ளக் கூடியதாக இருந்தால் நாய், பூனை எட்டாத உயரத்தில் விட்டுவிட்டுத் தூரப் போங்கள், தாய் வந்து தீன் கொடுக்கும். பஞ்சு மயிரோடு இருந்தால் அடியில் துளையிட்ட ஒரு கூடையில் காய்ந்த சுள்ளி பரப்பி, அதே மரத்தில் கட்டி உள்ளே வையுங்கள். மனிதர் தொட்ட வாடைக்குத் தாய் கைவிடும் என்பது வெறும் கதை. காயமென்றால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில், அடியில் ஒரு பழந்துணி விரித்து, இருட்டாக, அமைதியான இடத்தில் வைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அதுவரை பால், சோறு, பாண் எதுவும் வேண்டாம். வாய்க்குள் தண்ணீர் ஊற்றவும் கூடாது, நாக்கின் பின்பக்கத்திலேயே மூச்சுத் துவாரம் இருப்பதால் அது நேரே நுரையீரலுக்குப் போகும்.