குதிகால் பதியாத தரையில் நாயை அவிழ்க்காதீங்க

சிட்டுவுக்கு இடது முன்னங்காலில் மூன்று விரல்தான். நான்காவது போனது என் அவசரத்தால்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் டேல்ஸ் பக்கம் குடியிருக்கிறேன். சிட்டு ஒரு லர்ச்சர், அதாவது வேட்டைக்கென்று இனம் கலந்து வளர்க்கும் ஓட்டநாய். அப்பன் கிரேஹவுண்ட், அம்மா விப்பெட்டும் பெட்லிங்டன் டெரியரும் கலந்தது. பக்கத்து ஆட்டுப்பண்ணையில் முயல்கள் புல்லை மொட்டையடித்துவிடும். பண்ணைக்காரர் அனுமதியோடு அவற்றைப் பிடிப்பதுதான் எங்கள் வேலை. நமக்கு எல்லாமே முயல், இங்கே அப்படியில்லை. வளை தோண்டி வாழும் ராபிட்டை நிலக்காரர் சம்மதித்தால் நாய் விட்டுப் பிடிக்கலாம். வெட்டவெளியில் படுக்கும் ஹேரைத் துரத்தினால் 2004ஆம் வருடத்து வேட்டைச் சட்டப்படி குற்றம். ஊரிலோ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுமுயலைத் தொடவே கூடாது.

நான் கோவில்பட்டிக்காரன். சிப்பிப்பாறை நாய்களோடு வளர்ந்தவன். கோடையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது நாயை ஓடவிட்டால் கால் போகும் என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் புத்தி இங்கே வந்ததும் எங்கே போனதோ. முதல் டிசம்பரில் ஒருநாள் காலை, நீலவானம், புல்லெல்லாம் வெள்ளை. குளிரை மட்டும்தான் எதிரி என்று நினைத்து அவளுக்குக் கோட்டுப் போட்டுக் கூட்டிப்போனேன். மாடுகள் மிதித்துச் சேறாக்கிய வாசல் பக்கம் முயல் வளைந்தது. அவளும் வளைந்தாள். அந்தக் குளம்புத் தடம் ஒவ்வொன்றும் இரவில் உறைந்து கல்லாகியிருந்தது. ஒரே ஒரு கத்தல். விரல் மூட்டின் தசைநார் அறுந்து, பிறகு கூடாமல், இரண்டு மாதம் கழித்து மருத்துவர் விரலையே எடுத்தார்.

அன்றைக்குப் பண்ணைக்காரர் சொன்னதுதான் இப்போது எனக்கு வேதம். பூட்ஸ் குதிகாலைத் தரையில் ஓங்கி ஊன்றிப் பார். தடம் விழவில்லையென்றால் வீட்டுக்குப் போ. ஒரே இடத்தில் பார்த்தால் போதாது. வாசல் பக்கம், மேட்டின் நடுவில், கல்சுவரின் வடக்கு நிழலில் என்று மூன்று இடத்திலாவது பார்க்கணும். வெயில் பட்ட பக்கம் இளகியிருக்கும், நிழலில் மத்தியானம் வரை இரும்பாகவே கிடக்கும். நாய் இரண்டையும் சில நொடிகளில் கடந்துவிடும்.

குதிகாலும் பொய் சொல்லும் நேரம் உண்டு. பகல் 12 மணிக்கு மேல் மேல்மண் ஒரு விரற்கடை இளகி, அடியில் உறைந்தே இருக்கும். தடம் விழும், ஆனால் நாய் திரும்பும்போது மேல்மண் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். தோள், தொடைத் தசைகள் கிழிவது இந்த மாதிரித் தரையில்தான். அதனால் பையில் ஒரு நீள ஸ்க்ரூடிரைவர் வைத்திருக்கிறேன். பிடிவரை இறங்கினால் சரி. பாதியில் ‘டக்’ என்று நின்றால் அன்றைக்கு வாரோடு நடைதான். அறுத்த கோதுமைத் தாள் உறைந்து நிற்கும் வயல் பக்கம் ஸ்க்ரூடிரைவரே தேவையில்லை. அது ஆணிப்படுக்கை.

பனி விழுந்த நாளைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உறையாத மண்மேல் கணுக்கால் அளவு உதிரியாக விழுந்த புதுப்பனியை விட நல்ல ஓட்டத்தரை குளிர்காலத்தில் கிடைக்காது. கெட்டது இரண்டாம் நாள் பனி. பகலில் மேலே உருகி, இரவில் ஓடு கட்டியிருக்கும். நடந்து பாருங்கள்: பூட்ஸ் ஒரு கணம் தாங்கி, பிறகு அப்பளத்தில் கால் வைத்த மாதிரி உடைந்து இறங்கினால், அந்த ஓடு நாயின் முன்னங்கால் தோலைக் கண்ணாடி மாதிரிச் சீவிவிடும்.

ஆழமான பனி முள்கம்பியையும் வாய்க்காலையும் மூடிவிடும். 2018 மார்ச் பனிப்புயலில் இங்கே கல்சுவர் உயரத்துக்குக் காற்று பனியைக் குவித்திருந்தது. நாய் அந்தச் சரிவில் ஏறிச் சுவரைத் தாண்டினால் மறுபக்கம் என்ன இருக்கிறதென்று அதற்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. இலையுதிர்காலத்தில் காலால் அளந்த வயலில் மட்டும் விடுங்கள். குட்டை, ஏரி பக்கம் வேண்டவே வேண்டாம். பனிக்கட்டி உடைந்து நாய் உள்ளே விழுந்தால் பின்னால் இறங்காதீர்கள், 999க்கு அடியுங்கள்.

கிளம்பும் முன் விரலிடுக்கு முடியை ஒட்ட வெட்டி வாஸ்லின் தடவுகிறேன். சிட்டுவுக்கு அம்மா வழிச் சுருட்டை முடி, பனி நெல்லிக்காய் அளவுக்கு உருண்டு ஒட்டிக்கொள்ளும். அதைப் பிய்க்கக்கூடாது, உள்ளங்கைச் சூட்டில் உருக்கணும். ஓட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு கிடையாது. வயலுக்குப் போனதும் 20 நிமிடம் கோட்டோடு, வாரோடு நடை. காரிலிருந்து இறக்கி நேரே அவிழ்ப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஓடும்போது குளிர் ஒன்றும் செய்யாது. ஓடி முடித்து நிற்கும்போதுதான் ஆபத்து. இந்த இனத்துக்கு உடம்பில் கொழுப்பே கிடையாது, நனைந்த வயிற்றில் காற்று பட்டால் சட்டென்று சூடு இறங்கிவிடும். வந்து நின்ற உடனே துடைத்துக் கோட்டு மாட்டுங்கள். இரண்டு ஓட்டம், மிஞ்சினால் மூன்று. நடுங்குகிற வரை உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். நடுக்கம் நின்று, கூப்பிட்டும் மந்தமாக நின்றால்தான் பதறணும். நாயின் இயல்பான சூடு 38 முதல் 39 டிகிரி, அது 37க்குக் கீழே போனால் மருத்துவர்தான். வழியில் நெஞ்சையும் வயிற்றையும் போர்வையால் சுற்றிச் சூடாக்குங்கள். காலைத் தேய்க்காதீர்கள். வெந்நீர்ப் பையைத் தோலில் நேராக வைக்காதீர்கள். காதுநுனி வெளிறிக் கிடந்தாலும் அதே கதைதான், தேய்க்கக்கூடாது.

வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீரில் நான்கு காலையும் கழுவுகிறேன். சாலையில் கொட்டும் உப்பு தோலை எரிக்கும், நக்கினால் வயிற்றுக்குக் கேடு. கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸ் இன்னும் மோசம், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், சிறுநீரகம் போய்விடும். நக்கியதாகச் சந்தேகம் வந்தாலே ஓடுங்கள், மணிக்கணக்கு முக்கியம்.

கழுவும்போதே ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுங்கள். விரலிடைச் சவ்வையும், முன்னங்கால் மணிக்கட்டின் பின்னால் இருக்கும் சின்ன மெத்தையையும் பாருங்கள். திடீரென்று நிற்கும்போது தரையில் உரசுவது அதுதான். ராத்திரி இன்னொரு தடவையும் பாருங்கள். குளிரில் மரத்த காலில் வலி தெரியாது, கணப்புப் பக்கம் படுத்து எழும்போதுதான் நொண்டும். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது, விடியும் வரை காத்திருக்காதீர்கள்.

இன்று காலை சுவர் நிழலில் குதிகால் பதியவில்லை. ஒரு மைல் வாரோடு நடந்துவிட்டுத் திரும்பினோம். வேலியோரம் இரண்டு முயல் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. சிட்டு வந்ததிலிருந்து சோபாவில் எனக்கு முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள்.