அசல் பதிப்புதானா? லேபிள் ஓரத்தில் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

1970-களின் தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் ஹார்ட் ராக் எல்பி இசைத்தட்டு ஒன்றைப் பெரும் விலைக்கு வாங்கப் போகிறீர்களா? அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அட்டையையும் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளையும் அச்சு அசலாகத் திரும்ப அச்சடித்துவிட முடியும். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பதிந்திருக்கும் எழுத்துகளைப் போலி செய்வதுதான் கடினம்.

வெர்டிகோ என்ற இசைத்தட்டு வெளியீட்டுப் பெயரில் தொடங்குவோம். மே பிளிட்ஸ் (6360 007), கிளியர் ப்ளூ ஸ்கை (6360 013), வார்ஹார்ஸ் (6360 015) ஆகிய மூன்று குழுக்களின் தட்டுகளும் (அடைப்புக்குறியில் பட்டியல் எண்) கருப்பு வெள்ளைச் சுழி லேபிளில் வந்தவை. ஒரு பக்க லேபிள் முழுக்கப் பெரிய சுழி. பாடல் பட்டியல் அங்கே இருக்காது. இரு பக்கப் பாடல்களும் மறுபக்க லேபிளில்தான் இருக்கும். 1973-இல் சுழி போய் விண்கலப் படம் வந்தது. ஆகவே சுழி காலத்து உறைக்குள் விண்கல லேபிள் தட்டு இருந்தால், அது பிந்தைய அச்சு. அட்டையில் பார்கோடு இருந்தால் மேலே பேசவே வேண்டாம், மறுபதிப்பு.

இனி வளையம். தட்டை ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்துப் பிடியுங்கள். பட்டியல் எண், பிறகு 1Y//1, அருகில் 420 என்ற வரிசை தென்படும். 1Y என்றால் முதல் பக்கம், 2Y என்றால் இரண்டாம் பக்கம். இரட்டைக் கோட்டுக்குப் பின் வரும் எண் மூலத் தட்டில் பள்ளம் எத்தனையாவது முறை வெட்டப்பட்டது என்பதைச் சொல்கிறது. 420 பிரிட்டன் அச்சைக் குறிக்கும். இணையத்தில் வாங்கினால், டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து இந்த இடத்தை மட்டும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

டெக்கா நிறுவனத்தின் முறை வேறு, அழகானதும்கூட. லீஃப் ஹவுண்ட் குழுவின் 'குரோவர்ஸ் ஆஃப் மஷ்ரூம்' (1971, SKL-R 5094) தட்டுச் சேகரிப்பு உலகின் பெரிய அரும்பொருள்களில் ஒன்று. தட்டு கடைக்கு வரும்போது குழுவே கலைந்துவிட்டிருந்தது. டெக்கா தட்டில் மேட்ரிக்ஸ் எண் (எந்தப் பக்கம், எந்த வெட்டு என்று காட்டும் எண்) கீழே, கடிகாரத்தின் 6 மணி இடத்தில் இருக்கும். 9 மணி இடத்தில் தாய் அச்சின் (அச்சு வார்ப்புகளை எடுக்கும் மூலத்தின்) எண். 3 மணி இடத்தில் ஒன்றிரண்டு ஆங்கில எழுத்துகள் முத்திரையாகப் பதிந்திருக்கும். அவற்றை எண்ணாக மாற்ற ஒரு சொல் உண்டு: BUCKINGHAM என்ற சொல்லின் 10 எழுத்துகளும் வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி M மட்டும் 0. K இருந்தால் தட்டை அழுத்தி எடுத்த அச்சு வார்ப்பு 4-ஆவது, BU இருந்தால் 12-ஆவது. கொஞ்சமே விற்ற தட்டில் சிறிய எண்தான் இருக்க வேண்டும். மூன்று எழுத்து கண்டால் சந்தேகப்படுங்கள்.

அடுத்து நிலை. மேலோட்டமான மயிரிழைக் கோடுகள் பயமில்லை. நகத்தை மெல்ல ஓட்டினால் இடறுகிற கீறல் 'டிக் டிக்' என்று கேட்கும். பளபளப்பு போய்ச் சாம்பல் பூத்த தட்டு, கனமான பழைய முள்ளில் ஓடித் தேய்ந்தது. அதைக் கழுவினாலும் திரும்பாது. குறிப்பாகக் கடைசிப் பாடலைக் கேட்டுப் பாருங்கள், கரகரப்பு முதலில் அங்கேதான் தெரியும். தரக் குறியீட்டிலும் கவனம்: பிரிட்டிஷ் விற்பனையாளர் EX (Excellent) என்று எழுதுவது, அமெரிக்கக் கணக்கில் ஏறக்குறைய VG+ (Very Good Plus).

கழுவ 800 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 200 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் உப்பு பள்ளத்திலேயே தங்கிவிடும். லேபிள் நனையக் கூடாது. மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, சுத்த நீரால் மறுமுறை அலசி, நிமிர்த்தி உலரவிடுங்கள். பிவிசி உறையில் வைக்காதீர்கள், நாளடைவில் தட்டின் மேல் பனிப்படலம் போல் படியும். பாலித்தீன் உறைதான் சரி. படுக்க வைத்து அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள்.

அஞ்சலில் வருவதாக இருந்தால், தட்டை அட்டைக்கு வெளியே உள்ளுறையோடு தனியாக வைக்கச் சொல்லுங்கள். உள்ளே விட்டால் வழியில் குலுங்கி அட்டையின் விளிம்பைக் கிழித்துவிடும். இருபுறமும் நெளி அட்டை. ஒன்றின் நெளி நெடுக்காக, மற்றதன் நெளி குறுக்காக.